'போல' வந்தால் உவமை என்று எழுதிவிடலாமா? குறுந்தொகை 8 – ஓர் ஐயம்

முதலாண்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறேன். குறுந்தொகை எட்டாம் பாட்டில் ஓர் ஐயம்.

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

'இப்பாடலில் அமைந்துள்ள உத்தியை விளக்குக' என்று வகுப்புத் தேர்வில் கேட்டிருந்தார்கள். 'ஆடிப் பாவை போல' என்று கண்ணெதிரே 'போல' நிற்கிறது. உவமை என்று எழுதினேன், பாதி மதிப்பெண். பக்கத்தில் இருந்தவள் உள்ளுறை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள். 'போல, அன்ன, ஒப்ப வந்தால் உவமை. ஆகிய என்று விரிந்தால் உருவகம்' என்றுதான் பள்ளியிலிருந்து படித்து வருகிறோம். உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன்.

நேர்கோடு எழுதியது:

இரண்டும் இருக்கிறது. இரண்டையும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். இதில் ஆராய ஒன்றுமில்லை.

கரும்பலகை எழுதியது:

நேர்கோடு சொல்வது சரி, ஆனால் மாணவி கேட்டதற்கு அது விடை ஆகாது. எது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதுதானே கேள்வி.

மகளே, முதலில் அணியை மறந்துவிடு. பேசுபவள் யார்? காதற்பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப் போகும் பெண். தலைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று அவள் காதுக்கு வந்திருக்கிறது. தலைவிக்கு வேண்டியவர்கள் அருகில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். நேரே சண்டைக்குப் போகவில்லை, ஆனால் ஒரு சொல்லும் வீணாகாமல் போய்ச் சேர வேண்டும். பாட்டின் நிலைமை இவ்வளவுதான்.

இப்போது முதல் இரண்டு அடியைப் பார். வயலோரத்து மாமரம். பழம் முற்றித் தானே விழுகிறது. பொய்கையில் இருக்கும் வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. இதில் 'போல' இல்லை. ஊரனுக்கு அடைமொழியாக, 'இப்படிப்பட்ட ஊரை உடையவன்' என்று வருகிறது. மருதத்தில் வயலும் வாளையும் வராமல் என்ன வரும் என்று நீ கடந்துபோய்விடலாம். அங்கேதான் அவள் தன் வழக்கை வைத்திருக்கிறாள். வாளை மரம் ஏறவில்லை, பழத்தைப் பறிக்கவில்லை. பழம் தானாக வந்து விழுந்தது. 'உங்கள் தலைவனை நான் வலை வீசிப் பிடிக்கவில்லை, அவனாக வந்தான்' என்பதை வாயால் சொல்லாமல் மீனை வைத்துச் சொல்லிவிட்டாள். இது உள்ளுறை.

அடுத்த பகுதியில் அவளுக்கு மறைக்க வேண்டிய தேவை இல்லை. 'எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும் கண்ணாடியில் தெரியும் உருவம் போல, தன் மகனின் தாய் கை தூக்கினால் தானும் தூக்குகிறான், கால் தூக்கினால் தானும் தூக்குகிறான்.' வெளிப்படையான கேலி. கேலி உறைக்க வேண்டுமானால் உவமை எல்லாருக்கும் உடனே புரிய வேண்டும். அதனால் 'போல' வெளியே நிற்கிறது.

தனக்கான நியாயத்தை மறைத்தும் அவனைப் பற்றிய ஏளனத்தைத் திறந்தும் வைக்கிறாள். ஒரே ஆறு அடியில் இரண்டு உத்தி ஏன் என்று கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும். 'புதல்வன் தாய்' என்ற தொடரையும் விட்டுவிடாதே. மனைவி என்றோ தலைவி என்றோ சொல்லவில்லை. அவன் மகனைப் பெற்றவள், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு எந்த அணிப்பெயரும் கிடையாது. பாட்டிலேயே ஆழமாகக் குத்தும் இடம் அதுதான்.

முதலாண்டு மாணவி எழுதியது:

மிக்க நன்றி அம்மா. ஆனால் இன்னொரு குழப்பம். வாளைதான் பரத்தை, பழம்தான் தலைவன் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? கவ்வுவது ஆண் என்று வைத்து, வாளையைத் தலைவன் என்று ஒருவர் எழுதினால்?

ஓரக்குறிப்பு எழுதியது:

பேசுபவள் யார் என்பதை விட்டுவிட்டால் அப்படியும் எழுதலாம். விடாமல் பிடித்துக்கொண்டால் எழுத முடியாது. 'தானே உகுந்த பழம்' என்பது அவளுக்குச் சாதகமான செய்தி. பழத்தைப் பரத்தை என்று வைத்தால், 'நான்தான் போய் விழுந்தேன்' என்று அவளே எதிரிகள் முன்னால் சொன்னதாகிவிடும். தன்மேல் வந்த பழிக்கு விடை சொல்ல வந்தவள் அப்படியா பேசுவாள்?

தொல்காப்பியர் இந்த இடத்தில் மிகவும் கூர்மையானவர். உவமவியலில், 'கிழவி சொல்லின் அவளறி கிளவி' என்கிறார். தலைவி உவமை சொன்னால் அவள் அறிந்த பொருளாகத்தான் இருக்க வேண்டும். தோழி சொன்னால் அந்த நிலத்தை விட்டுப் பெயரக் கூடாது. யார் வாயில் என்ன உவமை வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உள்ளுறைக்கு இடம் எது என்று கேட்டால், தெய்வம் நீங்கலான கருப்பொருள் என்று அகத்திணையியல் சொல்லிவிடுகிறது. மரம், மீன், பறவை, விலங்கு, பூ. முருகனை வைத்து உள்ளுறை சொல்ல முடியாது.

உவமையையும் அவர் நான்காகப் பிரிக்கிறார்: வினை (செயல்), பயன், மெய் (வடிவு), உரு (நிறம்). ஆடிப்பாவை வினையுவமம், தூக்கத் தூக்கும் செயல்தான் ஒப்புமை. நிறமும் வடிவும் அங்கே பேச்சே இல்லை.

நேர்கோடு எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வு மூன்று மணி நேரம். 'பேசுபவள் யார், கேட்பவர் யார், அவள் மனத்தில் என்ன' என்று தியானம் செய்துகொண்டிருந்தால் கட்டுரை வினா எழுத நேரம் இருக்காது. பள்ளி மாணவர்களுக்கு வாய்பாடு வேண்டும். நான் மாலை வகுப்பில் திருக்குறளை வைத்தே முடித்துவிடுவேன்.

'அகர முதல' – எடுத்துக்காட்டு உவமை. 'அன்பும் அறனும்' – நிரல்நிறை. 'தீயினாற் சுட்டபுண்' – வேற்றுமை. 'பீலிபெய் சாகாடும்' – பிறிது மொழிதல். 'வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' – இல்பொருள் உவமை. 'பிறவிப் பெருங்கடல்' – ஏகதேச உருவகம். 'தேவர் அனையர் கயவர்' – வஞ்சப்புகழ்ச்சி.

ஏழு குறள், ஏழு அணி. இதை மனப்பாடம் செய்தவன் தோற்றதாக நான் பார்த்ததில்லை.

கரும்பலகை எழுதியது:

மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் நானும் அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். குறள் நினைவில் இல்லாதவனுக்கு அணி கற்பிப்பது வீண் வேலை. ஆனால் உங்கள் பட்டியலையே எடுத்துக்கொண்டு, இந்த இழையின் தலைப்புக் கேள்வியை அதில் பொருத்திப் பாருங்கள்.

'அகர முதல எழுத்தெல்லாம்' என்பதில் போல இல்லை, அன்ன இல்லை. ஆனாலும் உவமை. எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்று இரண்டு தொடரை அருகருகே வைத்துவிட்டு இடையில் வர வேண்டிய உருபை மறைத்துவிட்டார். 'தேவர் அனையர் கயவர்' என்பதில் அனையர் என்று ஒப்புமைச் சொல் வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்வது ஒப்புமை அன்று. 'மேவன செய்தொழுக லான்' என்று அடுத்த அடியில் காரணம் வந்ததும் புகழ்ச்சி முழுவதும் வசையாகத் திரும்புகிறது. தேவர்களைப் போலக் கயவர்களும் தம் விருப்பப்படி நடப்பவர்கள். கேட்பார் யாரும் இல்லை. (குறுந்தொகையிலும் இதே 'மேவன செய்யும்' வருகிறது. அங்கே மனைவி விரும்பியதைச் செய்கிறான். இங்கே தாம் விரும்பியதையே செய்கிறார்கள்.)

அடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சிலப்பதிகார அடி:

போருழந்து எடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட

இதில் 'போல்' இருக்கிறது. உவமை என்று எழுதினால் தவறு, தற்குறிப்பேற்றம். ஏன்? உவமையில் இரண்டு பொருள் வேண்டும், கண்ணாடி உருவமும் கணவனும் போல. இங்கே இருப்பது ஒன்றே ஒன்று: மதுரைக் கோட்டை மதிலின் மேல் காற்றில் ஆடும் கொடி. அது இயல்பாக ஆடுகிறது. 'வராதீர்கள்' என்று கை அசைத்ததாக அந்த அசைவுக்குப் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். கோவலனுக்கு நடக்கப்போவது நமக்குத் தெரியும், புலவருக்குத் தெரியும். கொடிக்கும் தெரிந்ததாக வைத்துவிட்டார்.

அதே புறஞ்சேரி இறுத்த காதையில் சற்று முன்னால் வையையைப் படித்துப் பாருங்கள். ஆறு முழுவதும் பூ மிதந்து போகிறது. கண்ணகிக்கு வரப்போவதை 'அறிந்தனள்போல்' வையை என்னும் பெண் மலராடையைப் போர்த்திக்கொண்டு கண்ணீரை மறைத்தாளாம். அங்கும் போல். அந்த நீரைப் பார்த்துக் கோவலனும் கண்ணகியும் 'இது புனல் யாறு அன்று, பூம்புனல் யாறு' என்று வியந்து பேசுகிறார்கள். ஆறு அழுகிறது, அவர்கள் அழகு பார்க்கிறார்கள். 'தற்குறிப்பேற்றம்' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போகும் மாணவனை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே 'போல' ஓர் அடையாளம்தான். எது எதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை பொருள் இருக்கின்றன, யார் வைத்தார்கள் என்று பார்த்தால் பெயர் தானே வரும்.

வடமராட்சி வாசகன் எழுதியது:

இழை சுவையாகப் போகிறது. எங்கள் பக்கம், இலங்கையில், சாதாரண தரப் பரீட்சையில் 'தமிழ் இலக்கிய நயம்' என்று தனிப்பாடமே உண்டு. அதில் அணியின் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வழிதான் வந்ததாகக் கொள்வோம். அதனால் பாட்டுக்கு என்ன நயம் கூடியது என்று சொல்ல வேண்டும்.

உருவகம் பற்றி மாணவி எழுதிய 'ஆகிய' என்ற வாய்பாடு மட்டும் பயன் தரும், அதை விட்டுவிட வேண்டாம். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம். உவமை முன்னே நிற்கும், அது உவமைத்தொகை. முகமதி என்றால் முகமாகிய மதி. பொருள் முன்னே வந்துவிட்டது, அது உருவகம். மலரடி – அடிமலர், தேன்தமிழ் – தமிழ்த்தேன் எல்லாம் இதே கணக்கு. நேர்கோடு தந்த 'பிறவிப் பெருங்கடல்' பிறவியாகிய கடல். அதை ஏகதேசம் என்பது ஏன் தெரியுமா? பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. ஒரு பாதியை உருவகம் செய்து மறுபாதியை நம் கையில் விட்டுவிட்டார்.

இறைச்சிக்கு வருவோம். கபிலரின் குறுந்தொகை 25:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு மட்டும் இருந்தது; அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. இதில் வெளிப்படையான உவமை தினைத்தாள் அன்ன கால்தான். அதன் நுணுக்கம் தனி: 'சிறு' வடிவுக்கு, 'பசு' நிறத்துக்கு. ஓரக்குறிப்பு சொன்ன மெய், உரு இரண்டும் ஒரே உவமையில் வந்துவிட்டன.

குருகு எதற்கு உவமை? எதற்கும் இல்லை. அது அங்கே நின்ற ஒரு பறவை. ஆனால் அது தன் இரையிலேயே கண்ணாக நின்றது என்பதைக் கேட்டதும், இந்தப் பெண்ணுக்கு உலகில் ஒரு சாட்சியும் இல்லை என்ற உணர்வு நமக்குள் எழுகிறது. சொல்லப்பட்ட பொருளுக்குப் புறத்தே தோன்றுவது. 'இறைச்சி தானே பொருட்புறத் ததுவே' என்பது இதுதான் என்று நான் கொள்கிறேன்.

நேர்கோடு எழுதியது:

இதை உள்ளுறை என்றும் சொல்லலாமே! குருகு தலைவன், ஆரல் தலைவி. அவன் தன் இரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிடித்தான், போய்விட்டான். மாம்பழம் – வாளைக்குச் செய்ததை இங்கே செய்யக் கூடாதா? ஆளாளுக்கு ஒரு பெயர் வைப்பதற்குத்தான் நான் வாய்பாடு கேட்கிறேன்.

ஓரக்குறிப்பு எழுதியது:

செய்யலாம், அப்படிப் படிப்பவர்களும் உண்டு. ஆனால் என்ன இழக்கிறோம் என்று பாருங்கள். 'குருகும் உண்டு' என்று ஓர் உம்மை இருக்கிறது. 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள், கொஞ்சம் யோசித்து, 'ஒரு குருகும் இருந்தது' என்கிறாள். சாட்சி தேடுகிறவள் பேச்சு அது. குருகைத் தலைவன் ஆக்கிவிட்டால், 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று முதல் அடியில் தனியே சொன்னவனையே கடைசி அடியில் மீண்டும் 'அவனும் இருந்தான்' என்று சொல்வதாக ஆகிவிடும். அந்த உம்மைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

குறுந்தொகை 8-இல் மாம்பழத்தையும் வாளையையும் ஆளுக்கு ஆள் பொருத்திய பிறகுதான் பாட்டு நிறைவடைகிறது. இங்கே பொருத்தாமலே பாட்டு நிறைந்திருக்கிறது. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் நான் வைத்திருக்கும் அளவு இதுதான். உரையாசிரியர்களிடையே எல்லை தகராறு இருக்கிறது, அதை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை.

கரும்பலகை எழுதியது:

உம்மையைப் பிடித்தது அழகு. நானும் இறைச்சிப் பக்கம்தான்.

ஒன்பதாம் வகுப்புத் தந்தை எழுதியது:

பெரிய பேச்சுக்கிடையில் ஒரு சின்னக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். 'பாட்டு – கட்டு' எதுகையா? இரண்டாம் எழுத்து ஒன்றுதானே என்று மகன் கேட்கிறான். விடைத்தாளில் தவறு என்று போட்டிருக்கிறார்கள்.

வடமராட்சி வாசகன் எழுதியது:

தவறுதான் ஐயா. இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதல் எழுத்துக்கு அளவு ஒக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பாட்டு – கேட்டு எதுகை. பட்டு – கட்டு எதுகை. பாட்டு – கட்டு ஆகாது. மகனிடம் முதல் குறளையே காட்டுங்கள். 'அகர', 'பகவன்' இரண்டிலும் முதலில் குறில், அடுத்து க, அடியெதுகை. முதல் அடியில் 'அகர' முதற்சீர், 'ஆதி' நான்காம் சீர். அகரத்துக்கு ஆகாரம் மோனை, ஆகவே ஒரூஉ மோனை. ஒரு குறளில் மூன்று கேள்விக்கு விடை இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புத் தந்தை எழுதியது:

நன்றி ஐயா. இன்னும் ஒன்று, சிலேடை சொல்லணியா பொருளணியா? சொல் விளையாட்டுத்தானே?

ஓரக்குறிப்பு எழுதியது:

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தண்டியலங்காரம் அதைப் பொருளணியியலில், முப்பத்தைந்து அணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சொல்லணியியலில் இருப்பவை மடக்கும் சித்திரகவியும். காளமேகத்தின் பாம்பு – எள் வெண்பாவை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள், காரணம் விளங்கும். 'மூடித் திறக்கின் முகங்காட்டும்' என்றால், கூடையைத் திறந்ததும் பாம்பு தலை தூக்கும்; குடத்தைத் திறந்ததும் எண்ணெயில் நம் முகம் தெரியும். சொல் ஒன்றே, பொருள் இரண்டு. 'பிண்ணாக்கும் உண்டாம்' என்ற இடத்தில் மட்டும் பிள் நாக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பையன்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்தால் பாடம் ஏறிவிட்டது.

முதலாண்டு மாணவி எழுதியது:

எல்லாருடைய விளக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பாடத்தில் இல்லாத ஒரு பாட்டை நானே எடுத்துப் பார்த்தேன்: ஔவையாரின் புறநானூறு 95. அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் சொல்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் உடைய பெரிய மாளிகையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன.

இதில் போல இல்லை. மரமோ மீனோ இல்லாததால் உள்ளுறையும் இல்லை. 'இவ்வே', 'அவ்வே' என்று இரண்டை எதிரெதிரே வைக்கிறார். கேட்கும்போது தொண்டைமானின் வேல் அழகாகவும் அதியமானின் வேல் பாழாகவும் தெரிகிறது. ஆனால் புதிதாகப் பளபளக்கும் வேல் போரைப் பார்க்காத வேல். எனவே வஞ்சப்புகழ்ச்சி என்று வைத்திருக்கிறேன். சரியா அம்மா?

கரும்பலகை எழுதியது:

சரி. பழைய அணிநூலில் இதை இலேசம் என்ற அணியோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு என்று குறிப்பு இருக்கிறது. பள்ளிப் பெயர் வஞ்சப்புகழ்ச்சி, அதையே எழுது. ஆனால் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்' என்று தன் மன்னனைப் பற்றிச் சொல்லும் அடிகளை விட்டுவிட்டாயே. அங்கே வஞ்சமும் இல்லை, அணியும் இல்லை, நேரான புகழ்ச்சி. இருந்தால் பிறருக்குக் கொடுப்பான், இல்லாவிட்டால் அவர்களோடு சேர்ந்து இருப்பதை உண்பான். தொண்டைமானுக்குத் திருகிச் சொன்னவர், அதியமானுக்கு வந்ததும் திருகாமல் சொல்கிறார். உன் விடையில் அந்த வேறுபாடு வர வேண்டும். எதிரியின் அரண்மனையில் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதையும் முதல் வரியிலேயே எழுது.

நேர்கோடு எழுதியது:

இவ்வளவையும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுத முடியுமா?

கரும்பலகை எழுதியது:

முடியும். அணி விளக்கம் இரண்டு வரி, சான்று இரண்டு வரி, மீதி எல்லாம் பொருத்தம். நம் பிள்ளைகள் விளக்கத்தை அரைப்பக்கம் எழுதிவிட்டுப் பொருத்தத்தை 'எனவே இது இவ்வணி ஆயிற்று' என்று முடிக்கிறார்கள். விடைத்தாள் திருத்துகிறவருக்கு விளக்கம் ஏற்கெனவே தெரியும்.

முதலாண்டு மாணவி எழுதியது:

அப்படியே எழுதிப் பார்க்கிறேன். அடுத்து ஐங்குறுநூற்றில் மருதம் தொடங்குகிறேன், எருமையும் நண்டும் நிறைய வருகின்றன. ஐயம் வந்தால் புதிய இழை தொடங்கட்டுமா, இதிலேயே கேட்கட்டுமா?

ஓரக்குறிப்பு எழுதியது:

புதிய இழை தொடங்குங்கள். பாட்டை முழுமையாக இடுங்கள், கூற்று யாருடையது என்பதையும் சேர்த்து.